நேரத்துக்கு, நேரத்துக்குள்ள, நேரத்தோட: முன்கூட்டியே கிளம்பச் சொல்ல இயல்பான ஆங்கிலம்

(ஒலிப்பதிவை வாசிப்புக்காகச் சற்றே சுருக்கித் திருத்திய வடிவம்)

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் பார்க்க ரொம்பச் சின்னது. "கொஞ்சம் முன்னாடியே கிளம்புங்க, வழியில லேட் ஆகலாம்" – இதை ஆங்கிலத்துல இயல்பா எப்படிச் சொல்றது? சின்னதுதான். ஆனா தப்பாப் போய்ச் சேர்ந்தா ஒருத்தர் விமானத்தை விட்டுடலாம், இன்னொருத்தர் நேர்காணலை விட்டுடலாம்.

புதுச்சேரி நகரத்துல வெளிநாட்டுப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுற ஒரு நேயர் அனுப்பின கேள்விதான் இந்த எபிசோடுக்குக் காரணம். அவர் வீட்டுல தங்கியிருந்த ஒரு அம்மாவுக்குச் சென்னையில இருந்து விமானம். நேயர் வாட்ஸ்அப்ல இப்படி எழுதியிருக்கார்: "யுவர் ஃபிளைட் இஸ் ஃப்ரைடே நைட் ஒன் தர்ட்டி. வி ஷுட் ஸ்டார்ட் பிஃபோர் செவன் அவர்ஸ். ப்ளீஸ் கீப் ஸ்பேர் டைம்." அந்த அம்மா குழம்பிப்போய், "எந்த நாள், எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"னு திருப்பிக் கேட்டிருக்காங்க. "நான் எல்லாத்தையும் தெளிவாத்தானே சொன்னேன், எங்க தப்பு?" என்பது நேயரோட கேள்வி.

அவர் மனசுல இருந்த தமிழ் தெளிவாத்தான் இருந்தது. அந்தத் தமிழை வார்த்தைக்கு வார்த்தை தூக்கி வச்சதுலதான் சிக்கல். மூணு வாக்கியத்துலயும் ஒவ்வொரு இடத்துல வழுக்குது. ஒவ்வொண்ணாப் பார்க்கலாம்.

தமிழ்லயே இருக்கிற மூணு வேறுபாடு

முதல்ல ஒரு நல்ல செய்தி. 'ஆன் டைம்', 'இன் டைம்' ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பலர் வருஷக்கணக்காக் குழம்புறாங்க. தமிழ் பேசுறவங்க குழம்பவே வேண்டாம். நம்மகிட்ட அந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கு.

நேரத்துக்கு வந்தான் – 'ஆன் டைம்'. குறிச்ச நேரம் ஒண்ணு இருக்கு, அதே நேரத்துக்கு வந்தாச்சு. ரயில், பேருந்து, வகுப்பு, கூட்டம், சம்பளம் எல்லாத்துக்கும் இதுதான்.

நேரத்துக்குள்ள வந்துட்டான், சமயத்துக்கு வந்து சேர்ந்தான் – 'இன் டைம்'. ஏதோ ஒண்ணு நடக்கிறதுக்கு முன்னாடி வந்தாச்சு, வாய்ப்பு கைநழுவலை. மயிரிழையில தப்பிச்சா 'ஜஸ்ட் இன் டைம்'.

நேரத்தோட வந்துட்டான் – 'இன் குட் டைம்' அல்லது நேரடியா 'ஏர்லி'. அவசரப்படாம, கையில நேரம் வச்சுக்கிட்டு வந்தாச்சு. கோயம்புத்தூர்ப் பக்கம் 'நேரமே வந்துட்டான்'னு சொல்றதும் இதேதான்.

புதுச்சேரி ரயில் நிலையத்தையே எடுத்துக்கலாம். சுப்பையா சாலைப் பக்கம் இருக்கிற அந்த நிலையத்துல இருந்து விழுப்புரம் வழியா ரயில் போகுது. ரயில் சரியான நேரத்துக்குப் புறப்பட்டுச்சு: 'தி டிரெய்ன் லெஃப்ட் ஆன் டைம்'. கதவை மூடப்போற நேரத்துல நீங்க ஓடி வந்து ஏறினீங்க: 'ஐ காட் தேர் ஜஸ்ட் இன் டைம்'. உங்க மாமா அரை மணி நேரம் முன்னாடியே வந்து டீ குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்: 'ஹி காட் தேர் இன் குட் டைம்'. ஒரே ரயில், மூணு நிலைமை.

'இன் டைம்'க்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு 'ஃபார்' வரும், இல்லேன்னா 'டு' வரும். 'இன் டைம் ஃபார் தி டிரெய்ன்', 'இன் டைம் டு கேட்ச் தி டிரெய்ன்'. எதுக்குள்ள என்பதைச் சொல்லணும் இல்லையா, அதுக்காக.

அலவ்னா அனுமதி மட்டும் இல்லை

இப்போ நேயரோட கடைசி வாக்கியம்: 'கீப் ஸ்பேர் டைம்'. ஆங்கிலத்துல 'ஸ்பேர் டைம்' என்றால் ஓய்வு நேரம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் புத்தகம் படிக்கிற நேரம். 'கீப் ஸ்பேர் டைம்'னு சொன்னா, பொழுதுபோக்குக்கு நேரம் ஒதுக்கச் சொல்ற மாதிரிதான் காதுல விழும்.

வார்த்தையைத் திருப்பிப் போடுங்க. 'டைம் டு ஸ்பேர்' – இதுதான் மிச்ச நேரம். 'வி காட் டு தி ஏர்போர்ட் வித் அன் அவர் டு ஸ்பேர்' – ஒரு மணி நேரம் கையில மிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். பிரிட்டிஷ் ஆங்கிலத்துல 'வித் டைம் இன் ஹேண்ட்' என்றும் சொல்லுவாங்க. நம்ம 'கையில நேரம் வச்சுக்கிட்டு' அப்படியே அங்கேயும் இருக்கு பாருங்க.

ஆனா ஒருத்தரை முன்கூட்டியே கிளம்பச் சொல்லும்போது முதல்ல கைகொடுக்கிற சொல் 'அலவ்'. பள்ளிக்கூடத்துல 'அலவ்'னா அனுமதிக்கிறதுனு மட்டும் படிச்சிருப்போம். நேரம், பணம், துணி அளவு பற்றிப் பேசும்போது அதுக்கு 'கணக்குல சேர்த்து ஒதுக்கு' என்று பொருள். தையல்காரர் மடிப்புக்கு அரை அங்குலம் விடுறார் இல்லையா, அந்த மாதிரி.

'அலவ் ஃபோர் அவர்ஸ் ஃபார் தி டிரைவ்' – பயணத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்குங்க.
'அலவ் எக்ஸ்ட்ரா டைம் ஃபார் டிராஃபிக்' – நெரிசலுக்குனு கூடுதலா கொஞ்ச நேரம் சேர்த்துக்குங்க.

ரெண்டுலயும் 'ஃபார்'தான் வருது, கவனிங்க. இது கொஞ்சம் அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிற நடை. பேச்சுல இன்னும் இளக்கமா வேணும்னா 'கிவ் யுவர்செல்ஃப் ப்ளென்ட்டி ஆஃப் டைம்'. நண்பர்கிட்ட, விருந்தாளிகிட்ட இதுதான் பொருத்தம். அலுவலகத் திட்டம் பற்றிப் பேசும்போது 'லெட்ஸ் பில்ட் இன் சம் பஃபர்' சரியா உட்காரும். ஆனா பாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போறப்போ 'பஃபர்'னு சொன்னா ஏதோ திட்ட மேலாளர் பேசுற மாதிரி இருக்கும்.

'எக்ஸ்ட்ரா டைம்' என்பதைத் தனியா எடுத்தா கால்பந்துல கொடுக்கிற கூடுதல் நேரம் நினைவுக்கு வரும். 'ஓவர்டைம்' என்றால் வேலை நேரம் முடிஞ்சும் செய்ற வேலை. அதனால பயணத்துக்கு 'ஓவர்டைம் வச்சுக்குங்க'னு சொல்லிடாதீங்க.

பிஃபோர் எங்க வரணும்?

'ஸ்டார்ட் பிஃபோர் செவன் அவர்ஸ்' – நம்ம ஊர் ஆங்கிலத்துல அடிக்கடி காதுல விழுறது. தமிழ்ல 'ஏழு மணி நேரத்துக்கு முன்னாடி'னு எண் முதல்ல வந்து 'முன்னாடி' கடைசியில வருது. நாம 'பிஃபோர்' என்பதைத் தூக்கி முன்னால வைக்கிறோம், ஆங்கிலம்னா முன்னால வரணும்னு ஒரு நினைப்பு. இங்க தமிழ் வரிசையே சரி: 'செவன் அவர்ஸ் பிஃபோர் தி ஃபிளைட்'. 'பிஃபோர் செவன் அவர்ஸ்'னு படிக்கிறவருக்கு, 'இப்போ இருந்து ஏழு மணி நேரம் முடியுறதுக்குள்ள' என்று தோணலாம். அர்த்தமே மாறிப்போகுது.

இதோட தம்பி ஒண்ணு இருக்கு: 'ஐ கேம் பிஃபோர் டூ டேஸ்'. இப்போ இருந்து பின்னாடி எண்ணினா 'அகோ': 'டூ டேஸ் அகோ'. வேற ஒரு நிகழ்ச்சியில இருந்து பின்னாடி எண்ணினா 'பிஃபோர்': 'டூ டேஸ் பிஃபோர் தி வெட்டிங்'.

இன்னொண்ணு: 'ஸ்டார்ட்'. பயணம் கிளம்புறதை 'ஸ்டார்ட்'னு சொன்னா இந்தியாவுல எல்லாருக்கும் புரியும். வெளியே இயல்பானது 'லீவ்', தூரப் பயணம்னா 'செட் ஆஃப்'. போய்ச் சேர்ந்ததும் 'ரீச்டு'னு ஒத்தை வார்த்தை அனுப்புறோம். 'ஐம் ஹியர்' அல்லது 'ஐவ் அரைவ்டு' நல்லா இருக்கும்.

ராத்திரி ஒன்றரை மணி எந்த நாள்?

நேயரோட செய்தியில மிக ஆபத்தான இடம் இதுதான். இலக்கணப் பிழையை எதிராளி ஊகிச்சுப் புரிஞ்சுக்குவார். நாள் மாறிப்போனா விமானம் போயிடும்.

நம்ம மரபுல ஒரு நாள் சூரிய உதயத்துல தொடங்கி அடுத்த உதயம் வரைக்கும் ஓடும். அதனால வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுத் தூங்காம இருந்தா, ஒன்றரை மணியும் நமக்கு 'வெள்ளிக்கிழமை ராத்திரி'தான். கடிகாரக் கணக்குல நள்ளிரவு 12 அடிச்சதும் சனிக்கிழமை பிறந்துடுச்சு. டிக்கெட்டுல 'சனி, 01.30' என்றுதான் இருக்கும். சென்னையில இருந்து வெளிநாடு போற விமானங்கள் நிறைய இந்த நடுநிசி நேரத்துலதான் கிளம்புது. பாரிஸ் போற புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கமானதுதான். சனிக்கிழமைனு படிச்சுட்டு சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி கட்டினா கதை முடிஞ்சது.

இதுக்கு ஆங்கிலத்துல ஒரு அருமையான சொற்றொடர் இருக்கு: 'இன் தி ஏர்லி அவர்ஸ் ஆஃப் சாட்டர்டே'. சனிக்கிழமை பிறந்து கொஞ்ச நேரத்துல, விடியுறதுக்கு முன்னாடி. அதோட நிறுத்தாதீங்க. கிளம்புற நாளையும் சேர்த்துச் சொல்லுங்க: 'ஸோ வி நீட் டு லீவ் ஆன் ஃப்ரைடே ஈவ்னிங்'.

இப்போ கணக்கு போடலாம். வெளிநாட்டு விமானத்துக்கு மூணு மணி நேரம் முன்னாடி போயிடணும் என்பது பொதுவான அறிவுரை. அப்போ வெள்ளி ராத்திரி 10.30. புதுச்சேரியில இருந்து சென்னை விமான நிலையம் சுமார் 150 கிலோமீட்டர், சாதாரணமா மூணு மணி நேரம். திண்டிவனம் வழியா போனா செங்கல்பட்டு, தாம்பரம் நெரிசல். கிழக்குக் கடற்கரைச் சாலையில போனா சென்னையை நெருங்கும்போது நெரிசல். அதுக்கு ஒரு மணி நேரம் சேர்த்தா நாலு. ஆக, சாயங்காலம் 6.30. நேயர் போட்ட ஏழு மணி நேரக் கணக்கு துல்லியமாச் சரிதான். சொன்ன விதத்தை மட்டும் மாத்தணும்:

"யுவர் ஃபிளைட் லீவ்ஸ் அட் ஒன் தர்ட்டி இன் தி ஏர்லி அவர்ஸ் ஆஃப் சாட்டர்டே. தி டிரைவ் யூஷுவலி டேக்ஸ் எபௌட் த்ரீ அவர்ஸ், பட் லெட்ஸ் அலவ் ஃபோர், ஜஸ்ட் டு பி ஆன் தி சேஃப் சைட். தி கார் வில் பி ஹியர் அட் சிக்ஸ் தர்ட்டி ஆன் ஃப்ரைடே ஈவ்னிங்."

'ஜஸ்ட் டு பி ஆன் தி சேஃப் சைட்' – 'எதுக்கும் இருக்கட்டும்' என்கிற நம்ம பேச்சுக்குச் சரியான ஜோடி. இந்த ஒண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கிட்டாலே இந்த எபிசோடுக்குப் பலன் வந்தாச்சு.

மணிக்குள்ள, மணி வரைக்கும், மணி வாக்குல

இங்கேயும் தமிழ் நமக்கு உதவும்.

ஒன்பது மணிக்குள்ள – 'பை நைன்'.
ஒன்பது மணி வரைக்கும் – 'அன்டில் நைன்' அல்லது 'டில் நைன்'.
ஒன்பது மணி வாக்குல – 'அரவுண்ட் நைன்'. நண்பர்களுக்குள்ள 'நைன்-இஷ்'.
கரெக்டா ஒன்பது மணிக்கு – 'அட் நைன் ஆன் தி டாட்' அல்லது 'நைன் ஷார்ப்'.

'பை'யும் 'அன்டில்'லும் மாறினா என்ன ஆகும்? 'சப்மிட் தி ஃபார்ம் அன்டில் ஃப்ரைடே'னு எழுதினா, வெள்ளி வரைக்கும் தொடர்ந்து கொடுத்துக்கிட்டே இருங்கனு ஆயிடும். வெள்ளிக்குள்ள ஒரு தடவை கொடுத்தா போதும் என்றால் 'பை ஃப்ரைடே'.

பிரிட்டன்காரங்களோட தொலைபேசியில பேசுற நேயர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவங்க 'ஹாஃப் நைன்'னு சொன்னா அது ஒன்பதரை. ஜெர்மன் மொழியில அதே மாதிரி ஒலிக்கிற 'ஹால்ப் நாய்ன்' எட்டரை! ஒரு மணி நேரம் வித்தியாசம். சந்தேகம்னா 'நைன் தர்ட்டி?'னு திருப்பிக் கேட்டு உறுதி பண்ணிக்கிறதுல தப்பே இல்லை.

லேட் ஆகும்போது

எவ்வளவு கணக்கு போட்டாலும் ராஜீவ் காந்தி சிலை சிக்னல்ல மாட்டிக்கிற நாள் ஒண்ணு வரத்தான் செய்யும். ஞாயித்துக்கிழமைன்னா காந்தி வீதி சண்டே மார்க்கெட் கூட்டத்துலயும் மாட்டிக்கலாம். அப்போ நாம அனுப்புற செய்தி: 'ஐ ஆம் ஸ்ட்ரக் இன் டிராஃபிக்'. அய்யோ, 'ஸ்ட்ரக்'னா அடிபட்டது! படிக்கிறவர் விபத்துனு பதறிடுவார். 'ஸ்டக்' – நடுவுல 'ர' இல்லை.

தாமதமாக ஆரம்பிச்சுட்டது, ஆனா இன்னும் குறிச்ச நேரம் தாண்டலை: 'ஐம் ரன்னிங் லேட்'. எவ்வளவுனு சொல்லணும்னா 'ஐம் ரன்னிங் எபௌட் டென் மினிட்ஸ் லேட்'. நம்ம ரயில் நிலைய அறிவிப்புல 'ரன்னிங் லேட் பை' என்று கேட்டுக் கேட்டு, எண்ணைப் பின்னாடி வைக்கப் பழகிட்டோம். அது தப்பு இல்லை, ஆனா பேச்சுல எண் முன்னாடி வர்றதுதான் இயல்பு.

'டைம் ஆச்சு' என்ற நம்ம சொல்லுக்கு ரெண்டு ஆங்கிலம். கிளம்ப வேண்டிய நேரம் வந்தாச்சு: 'இட்ஸ் டைம் டு கோ'. பொழுது ஏறிப்போச்சு: 'இட்ஸ் கெட்டிங் லேட்'.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற 'வந்துட்டே இருக்கேன்'. சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டே சொல்ற வசனம். 'ஐம் ஆன் மை வே'னு சொன்னா எதிராளி அதை அப்படியே நம்புவார், நீங்க சாலையில இருக்கீங்கனு எடுத்துக்குவார். இன்னும் வீட்டுல இருந்தா 'ஐம் எபௌட் டு லீவ்' – இப்போ கிளம்பப் போறேன். உண்மையும் ஆச்சு, மரியாதையும் கெடலை.

பிரெஞ்சும் தெரிஞ்சவங்களுக்கு

புதுச்சேரியில இந்தியாவோட நடைமுறை இணைப்பு 1954-ல, சட்டப்படியான இணைப்பு 1962-ல. ஆனா பிரெஞ்சு இன்னும் பல வீடுகள்ல, பள்ளிகள்ல, அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புகள்ல உயிரோட இருக்கு. அவங்களுக்கு ஒரு தனிக் கண்ணி.

பிரெஞ்சுல சரியான நேரத்துக்கு வந்தா 'அ லெர்', தாமதம்னா 'ஆன் ரத்தார்', முன்கூட்டியே வந்தா 'ஆன் அவான்ஸ்'. இந்தக் கடைசியை ஆங்கிலத்துல 'இன் அட்வான்ஸ்'னு மாத்தத் தோணும். 'ஹி கேம் இன் அட்வான்ஸ்' இயல்பா இருக்காது. 'ஹி கேம் ஏர்லி'. டிக்கெட் எடுக்கிறது, பணம் கட்டுறது, தகவல் சொல்றது மாதிரி ஏற்பாடுகளுக்குத்தான் 'இன் அட்வான்ஸ்'.

பழக்கத்துலயும் ஒரு வேறுபாடு இருக்கு. பிரெஞ்சுக்காரங்க வீட்டு விருந்துக்குக் கால் மணி நேரம் பிந்திப் போறதை மரியாதைக் கால் மணி நேரம்னே சொல்லுவாங்க, சமைக்கிறவங்களுக்கு மூச்சுவிட அவகாசம். ஆனா அலுவலகச் சந்திப்புக்கு அந்தச் சலுகை இல்லை. பிரிட்டிஷ் அழைப்பிதழ்ல 'சிக்ஸ் தர்ட்டி ஃபார் செவன்'னு பார்த்தா, 6.30-ல இருந்து வரலாம், 7 மணிக்கு நிகழ்ச்சி தொடங்கும்னு பொருள். கூடுதல் நேரத்தை அழைப்பிலேயே சேர்த்துட்டாங்க.

நேரத்தை நகர்த்தும்போது

'பிரிபோன்' நம்ம நாட்டுச் சொல்னு கிண்டல் பண்ணுவாங்க. இன்னைக்கு ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இந்திய ஆங்கிலச் சொல்லா இடம்பிடிச்சிருக்கு. இந்தியர்களோட பேசும்போது தாராளமாப் பயன்படுத்துங்க. வெளிநாட்டுக்காரர்கிட்ட 'பிரிங் ஃபார்வர்டு' அல்லது 'மூவ் அப்'.

'மூவ் ஃபார்வர்டு' மட்டும் வேண்டாம். புதன்கிழமைக் கூட்டத்தை ரெண்டு நாள் 'மூவ் ஃபார்வர்டு' பண்ணியாச்சுனு சொன்னா, ஆங்கிலமே தாய்மொழியானவங்கள்ல சிலர் திங்கள்னு சொல்றாங்க, சிலர் வெள்ளினு சொல்றாங்க. மொழி ஆய்வாளர்கள் விரும்பிக் கேட்கிற கேள்வி இது. அதனால எதைச் சொன்னாலும் புதுக் கிழமையையும் சேர்த்தே சொல்லுங்க.

கண்டிக்காம சொல்றது

கடைசியா, தொனி. 'பி பங்க்சுவல்' என்பது இலக்கணப்படி சரி. ஆனா அதுல ஒரு தலைமையாசிரியர் குரல் இருக்கு. 'யூ மஸ்ட் கம் ஆன் டைம்'லயும் அதேதான். வயசுல பெரியவங்ககிட்ட, விருந்தாளிகிட்ட, வாடிக்கையாளர்கிட்ட அது உறுத்தும். நாம தமிழ்ல 'கொஞ்சம் நேரத்தோட வந்துட்டீங்கன்னா நல்லா இருக்கும்'னு சொல்றோமே, அந்த இதம் ஆங்கிலத்துலயும் கிடைக்கும்:

'இட் வுட் பி கிரேட் இஃப் யூ குட் கெட் ஹியர் எ லிட்டில் ஏர்லி.'

காரணத்தையும் சேர்த்தா இன்னும் நல்லது. கடற்கரைச் சாலையில சாயங்காலம் வண்டிகளை விடமாட்டாங்க, கொஞ்ச தூரம் நடக்கணும் என்றால் அதைச் சொல்லுங்க: 'தி பீச் ரோடு இஸ் க்ளோஸ்டு டு டிராஃபிக் இன் தி ஈவ்னிங், ஸோ ப்ளீஸ் அலவ் டென் மினிட்ஸ் ஃபார் தி வாக்.' காரணம் தெரிஞ்சா யாருக்கும் உத்தரவு மாதிரி இருக்காது.

பயிற்சி

மூணு வாக்கியம். முதல்ல நீங்களே சொல்லிப் பாருங்க, அப்புறம் விடையைப் பாருங்க.

1. "எதுக்கும் இருக்கட்டும், அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பிடலாம்."
2. "பத்து மணிக்குள்ள வந்துடுவேன், ஆனா பதினொரு மணி வரைக்கும்தான் இருக்க முடியும்."
3. "கடைசி பஸ்ஸைப் பிடிக்கச் சமயத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டோம்."

விடைகள்:
1. 'லெட்ஸ் லீவ் ஹாஃப் அன் அவர் ஏர்லி, ஜஸ்ட் டு பி ஆன் தி சேஃப் சைட்.'
2. 'ஐல் பி தேர் பை டென், பட் ஐ கேன் ஒன்லி ஸ்டே அன்டில் லெவன்.'
3. 'வி காட் தேர் ஜஸ்ட் இன் டைம் டு கேட்ச் தி லாஸ்ட் பஸ்.'

இந்த வாரம் யாருக்காவது நேரம் குறிச்சு ஆங்கிலத்துல செய்தி அனுப்புறீங்கன்னா, அனுப்புறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க: நாள் தெளிவா இருக்கா, கிளம்புற நேரம் தனியா இருக்கா, ஏன் முன்கூட்டியே என்கிற காரணம் இருக்கா. மூணும் இருந்தா இலக்கணம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் ஆள் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துடுவார்.

உங்க கேள்விகளை வழக்கம்போல அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல வேண்டாம்னு மறுக்கிறதை மனம் நோகாம ஆங்கிலத்துல எப்படிச் சொல்றதுனு பார்க்கலாம்.